நூற்றைம்பதுக்குக் கீழே

அறையில் இருந்தவர்கள்: நான், என் அக்கா, அக்காவின் கணவர், கோட்டுக்காரர். கம்ப்யூட்டர் திரையில் விலைப் படத்தின்மேல் ஓயாமல் கோடு போடுவதால் கோட்டுக்காரருக்கு அந்தப் பெயர். அத்தானுக்கு இந்த டாலர், யென் வியாபாரத்தை அறிமுகப்படுத்தியவர் அவர்தான்.

அறை, அக்காவின் தையல் கடைக்குப் பின்னால் துணி அடுக்கும் இடம். கொஞ்ச நாளாக அங்கே துணியைவிட வயர்தான் அதிகம். அன்று பகலில் அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்காராமல் என்ன செய்வாள்? போட்டிருந்தது இரண்டு தையல் மெஷினை விற்ற பணம். மிச்சம் ஒரு மெஷின். இந்தப் பணமும் போனால் வாடகை கட்ட முடியாது, கடையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அத்தானின் கணக்கு சுலபம். ஒரு டாலருக்கு நூற்றைம்பது யென் என்பது முழு எண். முழு எண்ணில் வாங்குவதற்கு உலகமே காத்துக்கிடக்கும், அதனால் விலை அங்கே இறங்கினால் பந்துபோல எழும்பும். நூற்றைம்பதுக்குச் சற்று மேலே, தரகு நிறுவனம் தரும் கடனில் கைப்பணத்தைப் போலப் பல மடங்குக்கு டாலரை வாங்கிப் போட்டார். அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்: நூற்றைம்பதுக்கு அரை யென் கீழே போனால் தானாகவே விற்றுவிடும்படி ஸ்டாப் வைக்க வேண்டும். நஷ்டம் போட்ட பணத்தில் கால் பங்கோடு நிற்கும். அவள் கண்ணெதிரே வைத்தார். திரையில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

விலை இரண்டு தடவை நூற்றைம்பதைத் தொட்டுவிட்டு எழுந்தது. மாமியாரோடு சண்டை போட்ட மருமகன் மாதிரி வாசல்வரை வந்து திரும்புகிறது என்றார் கோட்டுக்காரர். அத்தான் சிரித்தார். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் தடவை திரும்பவில்லை. நூற்றைம்பது உடைந்தது.

போன மாதம் இதே போல ஸ்டாப்பில் மாட்டி விற்றுப்போன பிறகு விலை எழுந்ததைச் சொல்லிச் சொல்லிப் புழுங்கியவர் அத்தான். எல்லோருடைய ஸ்டாப்பும் முழு எண்ணுக்குக் கீழேதான் கிடக்கும், பெரிய கைகள் அதை வழித்துக்கொண்டுதான் விலையைத் தூக்கும் என்பார். இப்போது மௌஸை இரண்டு தடவை அழுத்தினார். சிவப்புக் கோடு போய்விட்டது. பிறகு, முதலில் வாங்கிய அளவுக்கு இன்னொரு மடங்கு வாங்கினார்.

இரட்டிப்பது தற்கொலை என்று கோட்டுக்காரர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"நீ கோடு போடுய்யா, போதும்."

"அந்தச் சிவப்புக் கோடு எங்க?" என்றாள் அக்கா.

"கீழ தள்ளி வச்சிருக்கேன்."

"இல்லக்கா, எடுத்துட்டாரு" என்றேன்.

திரும்ப வைக்கச் சொன்னாள். ஒரு நிமிடம் பொறு என்றார். அந்த ஒரு நிமிடம் நீண்டுகொண்டே போனது. விலை படி இறங்கவில்லை, மாடியிலிருந்து விழுந்தது. கணக்கில் ஈடு போதாதென்று தரகு நிறுவனமே எல்லாவற்றையும் விற்றுத் தள்ளியது. மிஞ்சியது ஊசி நூல் வாங்கத்தான் காணும்.

யாரும் எழுந்திருக்கவில்லை. கோட்டுக்காரர் மட்டும் சொல்லாமல் வெளியே போனார்.

அதற்குப் பிறகுதான் விலை ஏறத் தொடங்கியது. ஏறி, நூற்றைம்பதைத் தாண்டி, சாவகாசமாக நின்றது. ஸ்டாப்பை எடுக்காமல் இருந்திருந்தால் நஷ்டம் கால் பங்கோடு போயிருக்கும். எடுத்தவர் இரட்டிக்காமலாவது இருந்திருந்தால் தப்பித்திருப்பார்.

அத்தானின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பாத்தியா? நான் சொன்னேன்ல, திரும்பி வரும்னு. நான் சொன்னது சரிதானே?"

"சரிதான்" என்றாள் அக்கா. "எந்திரிங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆணியில் தொங்கிய அவர் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். பின்வாசலில் நின்று, ராத்திரி வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார். அக்கா கதவில் கை வைத்தாள். அவர் படியிறங்கியதும் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, சாவியையும் திருப்பினாள்.