ஆறு மணிக்குள் ஓர் அழைப்பு

மூன்று நாற்பதுக்கு போன் வந்தது. தெரியாத நம்பர். டயாலிசிஸ் பிரிவில் ஆறாவது மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்த நர்ஸ், கையுறையைக் கழற்றி வீசிவிட்டு ஜன்னலோரம் ஓடினாள்.

"மேடம், உங்க ஹஸ்பெண்ட் லைன் கிடைக்கல. கிடைக்கலேன்னா உங்ககிட்ட சொல்லச் சொல்லி இந்த நம்பரையும் குடுத்திருந்தார். லிஃப்ட் சூப்பர்வைசர் வேலை அவருக்குத்தான். வர்றாரா இல்லையான்னு நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள சொல்லணும்."

"சொல்றேன் சார்."

சொல்லப் போவதில்லை என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்தின் குடலுக்குள், லிஃப்ட் குழியில், சிக்னல் எட்டாத இருட்டில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவன். ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் உள்ள ஊரில் ஒரு கம்பெனிக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் மனுப் போட்டான். போவதா வேண்டாமா என்று அன்றாடம் ஆண்டவரை நச்சரித்தான். பதில் வரவில்லை. இன்று காலை முழங்கால்போட்டு ஒரே போடாகப் போட்டான்.

"ஆண்டவரே, இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அவங்க கூப்பிட்டா, அது உம்முடைய சித்தம். மூட்டையைக் கட்டிடறேன். கூப்பிடலையா, நீர் கதவை அடைச்சிட்டீர்னு எடுத்துக்கறேன்."

வாய்விட்டு ஜெபிப்பது அவன் வழக்கம். மனதுக்குள் ஜெபித்திருந்தால் வம்பே இல்லை. சமையலறையில் நின்ற அவள் காதில் ஒரு சொல் விடாமல் விழுந்தது.

அவளுக்கு இந்த ஆஸ்பத்திரியில் பதின்மூன்று வருஷம். இரண்டே மெஷினோடு ஆரம்பித்த பிரிவு, இன்றைக்குப் பன்னிரண்டு. அடுத்த மாதம் முதல் அவள்தான் பொறுப்பு நர்ஸ். அந்த ஊருக்குப் போனால்? இன்னாருடைய பெண்டாட்டி. அவ்வளவுதான்.

இப்போது கடவுளின் பதில் அவள் சட்டைப் பைக்குள் கனத்துக்கொண்டிருந்தது.

"என்ன சிஸ்டர், முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" ஆறாவது மெஷினில் படுத்திருந்தவர் கேட்டார். வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம், வாய் மூடாமல் பேசுவார். அதனால் வார்டில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர்.

"ஒண்ணுமில்ல சார். தலைவலி."

"தலைவலி எனக்கு வரணும். உங்களுக்கு ஏன்?"

அவள் சிரிக்கவில்லை. கடிகாரம் நாலைத் தாண்டியது. நாலேகால். ஒவ்வொரு மெஷினாகப் போய் ரத்த அழுத்தத்தைக் குறித்தாள். குறித்ததையே திரும்பக் குறித்தாள். பொய் சொல்லவில்லையே, சும்மாத்தானே இருக்கிறேன் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். சமாதானம் ஒட்டவில்லை. கடைசியில் அவளும் கணவனின் வழிக்கே வந்தாள்.

'ஆண்டவரே, அஞ்சு மணிக்குள்ள அவரா எனக்கு போன் பண்ணினா, சொல்லிடறேன். இது நிச்சயம்.'

வேலை நேரத்தில் அவன் கூப்பிட்டதாகச் சரித்திரமே கிடையாது. அந்தத் தைரியம்தான்.

நாலு ஐம்பதுக்கு போன் அடித்தது. அவன்!

"நான் சீக்கிரம் கிளம்பிட்டேன். வீட்டுல பால் இருக்கா?"

"இல்ல... வாங்கிட்டு வாங்க."

"சரி. உனக்கு ஏதாவது போன் வந்துச்சா?"

"ஐயோ, ரேடியோ சார் மெஷின் கத்துது. வைக்கிறேன்!"

மெஷின் கத்தவில்லை. பாலுக்காக வந்த போன் அடையாளத்தில் சேராது என்று ஆண்டவரிடம் அவள் தனக்கே வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் நிஜமாகவே கத்தியது. ரேடியோவுக்கு டயாலிசிஸ் முடிகிற நேரம், சலைன் விட்டு ரத்தத்தை உடம்புக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். சலைன் பை காலியானதைக் கவனிக்கவில்லை. குழாயில் காற்று. மெஷின் தானே நின்று, அலாரம் வார்டைக் கிழித்தது. பாய்ந்து கிளிப்பை அழுத்தினாள். அழுத்தியதையே மறுபடி அழுத்தினாள். பதின்மூன்று வருஷத்தில் இப்படி ஒருநாளும் ஆனதில்லை.

"பயப்படாதீங்க சார், மெஷின் காத்தை உள்ள விடாது."

"நான் பயப்படல. நீங்கதான் பயப்படறீங்க" என்றார் ரேடியோ.

ஐந்தே முக்காலுக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவன் மேஜைமேல் போனை வைத்துப் பூனை மாதிரி எதிரே உட்கார்ந்திருந்தான். சார்ஜர் செருகியிருந்தது. சத்தம் முழுசாக ஏற்றியிருந்தது.

"ஏம்மா, என் நம்பருக்கு ஒரு தடவை அடி. ரிங் வருதான்னு பாப்போம்."

அடித்தாள். போன் அலறியது. தானே அடிக்கச் சொன்னதை மறந்து, அவன் பதறி எழுந்து, அவள் பெயரைப் பார்த்து அசடு வழிந்து உட்கார்ந்தான்.

ஐந்து ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. ஆறு.

இன்னும் இரண்டு நிமிஷம் சேர்த்துக் கொடுத்தான், கடிகாரம் முந்தியிருக்கலாம் என்று. அப்புறம் நாற்காலியைத் தள்ளிவிட்டு முழங்கால்போட்டான்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. கதவை அடைச்சதுக்கு ஸ்தோத்திரம். பேசினீரே, அதுக்கு..." குரல் உடைந்தது. "நன்றி ஆண்டவரே."

தான் அடைத்த கதவுக்கு வேறொருவருக்கு நன்றி போகிறது. அவளால் தாங்க முடியவில்லை.

"அவர் இல்லங்க. நான்."

அவன் கண்ணைத் திறந்தான்.

"மூணு நாப்பதுக்கே கூப்பிட்டாங்க. வேலை உங்களுக்குத்தான். நான் சொல்லல."

அவன் துள்ளி எழுந்தான்.

"அப்போ ஆறு மணிக்குள்ள வந்திருக்கு! அவர் சொல்லிட்டார். நாம போறோம்!"

"வந்தது என் காதுக்கு. உங்க காதுக்கு வராம போனது மட்டும் அவருக்குத் தெரியாமயா நடந்துச்சு? போக வேண்டாம்னும் அர்த்தம் பண்ணலாமே!"

"நீ மறைச்சதை அவர் தலையில கட்டாதே."

"நீங்க மட்டும் என்னவாம்? டைம் போட்டு அவரை உத்தியோகம் பாக்க வெச்சிருக்கீங்க. மூணு வாரமா அவரைக் கேட்டீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவே."

"சொல்லுவேன்தான்! இந்த வேலையில என்ன குறைச்சல், ஏன் ஓடணும்?"

அவன் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டான். நர்ஸின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"என்ன கை?"

"ஒண்ணுமில்ல."

"காட்டுங்க."

இரண்டு விரலை நீட்டி, "இறுக்கிப் பிடிங்க" என்றாள். பிடித்தான். குழந்தை பிடிப்பது போல் இருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் பேருக்கு வளைந்தன.

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம். ஏழாவது மாடியில கம்பியைப் பிடிச்சேன். பிடிச்சேன்னுதான் நெனச்சேன். பெல்ட் இருந்துச்சு, பொழைச்சேன்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சூப்பர்வைசர்னா குழியில இறங்க வேண்டாம். இங்க அந்த வேலை காலியில்ல. கை போச்சுன்னு சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"இதை ஏங்க என்கிட்ட..."

"உனக்கு இப்பத்தான் பதவி வருது. கையைக் காட்டிக் கேட்டா நீ விட்டுக்குடுப்பே. அதுக்குப் பதிலா ஆண்டவரே சொல்லிட்டார்னா, உன் தியாகத்துக்கு நான் பொறுப்பில்லேன்னு..." முடிக்காமல் விட்டான்.

அவளுக்கு ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் ஒத்திவைத்தாள்.

"நாளையிலேர்ந்து குழியில இறங்கக் கூடாது. இதுக்கு அடையாளமெல்லாம் கேக்க வேண்டாம். உங்க விரலைப் பாத்தா போதும்."

"மத்தது? அந்த ஊர் வேலை?"

"நரம்பு டாக்டர்கிட்ட நாளைக்கே காட்டணும். நீங்க முதல்ல போங்க. நான் மூணு மாசம் இங்க இருந்து, எனக்கு அடுத்தவளைத் தயார் பண்ணிட்டு வரேன். அங்கயும் டயாலிசிஸ் மெஷின் இருக்கும். என்னை யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். மூணு மாசத்துல எனக்கு மனசு மாறிச்சுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். போனை மறைக்க மாட்டேன்."

"இதுதான் அவர் சித்தம்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியல."

அவன் வழக்கம்போல முழங்கால்போடப் போனான். அவளும் பக்கத்தில் போட்டாள். அவன் வாய் திறந்தான். மணி எதுவும் குறிக்கவில்லை. விரல் மரத்துப்போனதைச் சொன்னான். ஏழாவது மாடியைச் சொன்னான். பயமாக இருக்கிறது என்றான். மூன்று வாரமாக ஆண்டவருக்கே அதைச் சொல்லியிருக்கவில்லை போல. அவள் தன் பங்குக்கு, "நான் பொய் சொன்னேன், எனக்குப் போக மனசில்ல. ஆனாலும் போறேன்" என்றாள்.

ஆமென் சொன்ன பிறகும் பதில் ஒன்றும் வரவில்லை.

அவள் தன் போனை எடுத்து, மூன்று நாற்பது நம்பரைத் தேடி அழுத்தி, அவனிடம் நீட்டினாள். அவன் இடது கையால் வாங்கிக் காதில் வைத்தான்.

"ஹலோ, சார்... ஒரு நிமிஷம். வர்றேன்னு சொல்றதுக்கு முன்னால, என் கையைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."