பிஷப் ஏறிய பீர்வண்டிக் குதிரை

பிஷப் செத்துப்போக வேண்டும் என்று ஏழு வருடம் மெழுகுவர்த்தி ஏற்றியவள் நான். அதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று, அதற்கான தவமும் செய்தாயிற்று. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் எங்கள் லோரன்பர்க்கில் பிஷப்தான் ராஜா. பூசை வைப்பதும் அவர்தான், படை நடத்துவதும் அவர்தான். அந்த ராஜா மாறினால்தான் என் புருஷன் ஊருக்குள் வர முடியும் என்றால் நான் வேறு எதற்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது?

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புது பிஷப் முதல்முதலாகக் குதிரையேறி நகரத்துக்குள் வரும் நாளில், ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்கள் அந்தக் குதிரையின் சேணத்தையோ வாரையோ பிடித்துக்கொண்டு கூடவே கோட்டைவாசலைத் தாண்டிவிட்டால், பழைய குற்றம் அத்தோடு போயிற்று. நகரசபை வாயைத் திறக்க முடியாது. மற்ற ஊர்களில் புது ராஜா வந்தால் இரண்டு தலை உருளும். எங்கள் ராஜா போக்கிடம் இல்லாதவர்களை இழுத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொல்லும்போது எங்களுக்குத் தலை தானாக நிமிரும்.

என் புருஷன் புர்க்கார்ட் பீர் காய்ச்சுகிறவர். அவருடைய பீரில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று நகரசபைத் தலைவர் ஒருநாள் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். இவர் ஒரு குடம் பீரை அப்படியே அந்த மனிதரின் தலையில் கவிழ்த்து, "இப்ப நக்கிப் பாத்துச் சொல்லுங்க" என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமை நகரசபை வாசலில் வெறும் சட்டையோடு முழங்காலிட்டால் மன்னிப்பு, இல்லையென்றால் ஊரைவிட்டு வெளியே என்று தீர்ப்பானது.

"என் பீர்ல தண்ணி கிடையாது. மண்டி போட்டா கலந்தேன்னு ஆயிடும்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டார். எனக்கு வயிறு எரிந்தது. உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஏழு வருடம் தனியாகப் பீர் காய்ச்சினேன். நானும் கூடப் போயிருக்கலாம்தான். ஆனால் காய்ச்சும் உரிமை வீட்டோடு சேர்ந்தது. வீட்டைப் பூட்டினால் ஒரே வருடத்தில் இன்னொருவன் கைக்குப் போய்விடும்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அக்கரைக்குப் போவேன். சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்துப் பார்த்து அவருடைய தாடி வெளுத்துப்போயிருந்தது. கிழ பிஷப் கண்ணை மூடிய வாரம் கறுப்பு ரொட்டியும் நற்செய்தியுமாக ஓடினேன்.

"ஏங்க, போய்ச் சேந்துட்டாரு! அறுவடை முடிஞ்சதும் புது பிஷப் வர்றாராம்."

அவர் ரொட்டியைப் பிட்டு நிதானமாக மென்றார். "வரட்டும். அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"என்ன பண்ணணுமா? குதிரை வாரைப் பிடிச்சுக்கிட்டு வாங்க."

"போடி. எவனோ ஒருத்தன் குதிரையில உண்ணி மாதிரி தொத்திக்கிட்டு வர்றதுக்கு, அன்னைக்கே மண்டி போட்டிருப்பேனே."

"அப்ப ஏழு வருஷமா நான் காத்துக் கிடந்தது?"

அவர் இன்னொரு துண்டு பிட்டார். மிச்ச ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழி நெடுக அழுதேன், ஆற்றங்கரை வாத்துகளைக்கூடத் திட்டினேன். அப்படியொரு மனிதரை எதைச் சொல்லி வளைப்பது?

நுழைவு நாள் வந்தது. பிஷப்போடு வரும் வீரர்களுக்கு வரவேற்பு பீர் கொடுக்கும்படி நகரசபை கேட்டிருந்ததால், எட்டுப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு எங்கள் குதிரை லீஸோடு பாலத்தின் அக்கரை முனையில் நின்றேன். லீஸ் பழுப்பு நிறப் பெண்குதிரை. உடம்பு பீப்பாய்க்குக் குறைவில்லை. புர்க்கார்ட் குட்டியிலிருந்து வளர்த்தது. விரட்டப்பட்டவர்கள் இருபத்திரண்டு பேர் பாலத்தடியில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். இருபத்து மூன்றாவது ஆள் தூரத்தில் ஒரு மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்தவர் மாதிரி நின்றிருந்தார். வந்தாரே, அதுவே பெரிது என்று நினைத்துக்கொண்டேன்.

புது பிஷப் ஓட்ஃப்ரீட் வந்தார். நடந்து வந்தார், அதுவும் வெறுங்காலோடு! நாற்பது வயதிருக்கும், ஒட்டிய கன்னம், முரட்டுக் கம்பளி அங்கி. ராஜாவாக அல்ல, ஆட்டிடையனாக நுழையப்போகிறேன் என்று சொல்லி எல்லாக் குதிரைகளையும் மேலே இருக்கும் மடத்திலேயே நிறுத்திவிட்டாராம். அவர் நடக்கும்போது மற்றவர்கள் ஏற முடியுமா? வாள் ஏந்துபவரும் குருமார்களும் நொண்டியபடி பின்னால் வந்தார்கள். ஊர்ப் பெண்கள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, "புனிதர்! புனிதர்!" என்று கண்ணீர் விட்டார்கள்.

விரட்டப்பட்டவர்கள் மட்டும் பிடிக்க ஒரு வார் தேடி அங்குமிங்கும் பார்த்தார்கள்.

நகரசபை எழுத்தர் திட்மாருக்கு வாயெல்லாம் பல். "குதிரை இல்ல, வாரும் இல்ல. கலைஞ்சு போங்கப்பா, அடுத்த பிஷப்புக்குப் பாக்கலாம்" என்றான்.

பிஷப் நின்றுவிட்டார். அவருக்கு இந்த வழக்கம் தெரியாது போலிருக்கிறது. விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளிறியது. "என் அங்கியைப் பிடிச்சுக்கிட்டு வரட்டுமே" என்றார்.

"மன்னிக்கணும், ஆண்டவரே. சாசனத்துல குதிரைன்னுதான் இருக்கு. அங்கின்னு இல்ல. சாசனத்தைக் காப்பாத்துறேன்னு போன மாசம்தான் நீங்க கையெழுத்து போட்டீங்க."

பிஷப் மடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து குதிரை வருவதற்குள் நண்பகல் மணி அடித்துவிடும். நண்பகலுக்குள் நுழையாவிட்டால் நுழைவே செல்லாது என்பதும் அதே சாசனத்தில் இருக்கிறது. திட்மார் வானத்தைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"குதிரைதானே வேணும்? இந்தா!" என்று கத்திக்கொண்டே லீஸை வண்டியிலிருந்து அவிழ்த்தேன்.

"ஏம்மா யூட்டா, இது பீர்வண்டிக் குதிரை!"

"சாசனத்துல என்ன குதிரைன்னு எழுதியிருக்கா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. திட்மாரின் முகம் சிவந்தது. குரலைத் தாழ்த்தி, "பிஷப் ஏறி வந்த குதிரை அன்னைக்கே கோட்டைக்காவல் பிரபுவுக்குச் சொந்தம். அந்த வழக்கமும் தெரியும்ல? அப்புறம் வண்டியை யார் இழுப்பா?" என்றான்.

தெரியும். தெரியாமலா அவிழ்த்தேன்? லீஸ் போனால் எங்கள் தொழிலுக்குக் கால் போன மாதிரி. ஆனால் மரத்தடியில் நிற்கும் மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும். எவனோ ஒருவன் குதிரையைத்தான் அவர் தொடமாட்டார். இது எவனோ ஒருவன் குதிரை இல்லையே.

லீஸை பிஷப்பின் முன்னால் நிறுத்தினேன். "ஏறுங்க, ஆண்டவரே."

"வெறுங்காலோட நடந்து வர்றதா நேந்துக்கிட்டேன், தாயே."

"ஊருக்குள்ள போனதும் இறங்கி நடங்க, வருஷம் பூரா நடங்க, யாரு வேணாங்கறா? சாமியாருங்க எங்க ஊர்ல நெறைய இருக்காங்க. இந்த இருபத்து மூணு பேருக்கும் இன்னைக்கு ராஜாதான் வேணும்."

அப்படிப் பேசியதற்கு என்னைப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளியிருக்கலாம். குருமார்களில் இரண்டு பேர் தள்ளத் தயாராகவே இருந்தார்கள். பிஷப் என்னைப் பார்த்தார், லீஸின் கொழுத்த முதுகைப் பார்த்தார். பிறகு அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வண்டிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தார். சேணமும் கிடையாது, அங்கவடியும் கிடையாது. வெறுங்கால் இரண்டும் இரண்டு பக்கமும் தொங்கின. ஊர் போட்ட சத்தத்தில் லீஸ் வாலைத் தூக்கி ஒரு பெரிய ஓசை விட்டது. பிஷப் முதல்முறையாகச் சிரித்தார்.

ஏழு வருடத்தில் லீஸ் என் கைக்குப் பழகியிருந்தது, கூட்டத்தில் வேறு யார் இழுத்தாலும் மிரளும். அதனால் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். வாள் ஏந்துபவருக்கும் சிலுவை தூக்குபவருக்கும் முன்னால் ஒரு பீர்க்காரி! பின்னால் இருபத்திரண்டு பேரும் இழுவை வாரிலும் கழுத்துப்பட்டையிலும் மொய்த்தார்கள். நான் திரும்பினால் லீஸ் நின்றுவிடும். மரத்தடியில் நின்றவர் வருகிறாரா என்று பார்க்க வழியில்லை. பாலம் அன்றைக்கு இருந்த நீளம் வேறு எந்த நாளும் இருந்ததில்லை.

வாசலில் திட்மார் ஒவ்வொருவரையும் நிறுத்தி, சாசனத்தில் உள்ளபடி கேட்டான்: "யார் தயவுல உள்ள வர்ற?"

"ராஜா தயவுல."

ஒவ்வொரு குரலாக எண்ணிக்கொண்டே வந்தேன். இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. அப்புறம் சத்தமே இல்லை. வாசலைத் தாண்ட நாலே எட்டுதான் பாக்கி.

"நீ யார் தயவுல வர்ற?" என்று திட்மாரின் குரல் மறுபடி கேட்டது.

"தயவா? யார் தயவும் இல்ல. என் குதிரையைப் பிடிச்சுக்கிட்டு வர்றேன்."

இந்த மனுசனோடு என்ன செய்வது, மாதாவே! அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்தால் என்ன?

"தப்பான பதில்!" திட்மாரின் குரலில் தேன் ஒழுகியது. "கையை எடு. வெளிய போ."

"நான் உக்காந்திருக்கறது இவர் குதிரையா?" என்று மேலிருந்து பிஷப் கேட்டார்.

"ஆமா, ஆண்டவரே. ஆனா சாசனப்படி அவன் சொல்ல வேண்டிய பதில்..."

"அவர் சொல்றது சரிதானே? இவர் குதிரை இல்லாம நான் இன்னைக்கு ராஜாவா நுழைய முடியாது. அப்ப இவர் தயவுலதான் நான் உள்ள போறேன். அப்படியே எழுதிக்கோ." கொஞ்சம் நிறுத்தி, "நட, தாயே" என்றார்.

நடந்தேன். உள்ளே வந்தபின்தான் திரும்பினேன். புர்க்கார்ட் லீஸின் கழுத்துப்பட்டையில் கை வைத்தபடி, நான் நினைத்திருந்ததைவிட உயரமாக நின்றார். அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. ஓவென்று அழுதேன். நண்பகல் மணி அடித்தது.

பிஷப் இறங்கி எங்கள் இருவருக்கும் ஆசீர்வாதம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு பேராலயத்துக்கு நடந்தார். கோட்டைக்காவல் பிரபுவின் ஆட்கள் வந்து கடிவாளத்தை வாங்கிக்கொண்டார்கள். லீஸ் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

"இருந்த ஒத்தக் குதிரையையும் குடுத்திட்டியேடி" என்றார் அவர்.

"ஆமா, குடுத்தேன். வண்டி பாலத்துல கிடக்கு. நாலு பீப்பாய் அங்க வீரருங்களுக்கு, மிச்சம் நாலு விருந்துக்கு அரண்மனைக்குப் போகணும். வர்றீங்களா, இங்கயே நின்னு என்னைத் திட்டப் போறீங்களா?"

வாசலை நோக்கி நடந்தோம். வாசலுக்கு ஓரடி முன்னால் அவர் கால் தானாக நின்றது. ஏழு வருடப் பழக்கம். காவல்காரன் அவரைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் ஈட்டியை நகர்த்தினான். வெளியே போனோம். வண்டியின் ஏர்க்கால்களில் ஒன்றை அவர் பிடித்தார், மற்றதை நான் பிடித்தேன். நாலு பீப்பாயோடு வண்டியை இழுத்துக்கொண்டு அதே வாசல் வழியாகத் திரும்பி வந்தோம். யார் தயவில் வருகிறாய் என்று எங்களை யாரும் கேட்கவில்லை.