மூன்று ஒயர்களில் இரண்டு

நாற்பத்தொரு மணி நேரம், இருபது நிமிடம். பழைய ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். அண்ணனின் ரிமோட் ரேஸ் காரிலிருந்து நைட்ரோ இன்ஜினைக் கழற்றிவிட்டு, மோட்டாரும் பேட்டரியும் பொருத்தி ஓட வைக்க எனக்கு ஆன நேரம் அது. கிளப்பில் அண்ணன் சொன்ன கணக்கு வேறு.

"ரெண்டு சாயங்காலம். அவ்வளவுதான்."

எந்த இரண்டு சாயங்காலம் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்து எல்லாச் சாயங்காலமும் அவன் சோபாவில் படுத்துக்கொண்டு செல்போன் பார்த்தான்.

ரிமோட் கார் என்றதும் குழந்தை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். இதை விளையாடுகிறவர்களில் பாதிப் பேருக்கு வழுக்கை விழுந்துவிட்டது. கார் முழங்கை நீளம் இருக்கும். அதற்குள் எலுமிச்சம்பழ அளவில் ஓர் இன்ஜின். நைட்ரோ கலந்த எரிபொருளைக் குடித்து, மரம் அறுக்கிற சத்தம் போட்டு, எண்ணெயைக் கக்கும். ஞாயிறு காலை நான்கு மணி நேரம் மைதானத்தில் இருந்தால் மூன்று மணி நேரம் அதைக் கிளப்புவதிலேயே போய்விடும்.

கிளப்பில் 'டாக்டர்' என்று ஒருவர் உண்டு. டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். நிற்கப்போகிற காரின் பக்கத்தில் மண்டியிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டு, கார்புரேட்டர் ஊசியைக் கால் சுற்று திருகி, "இப்ப மூச்சு சீராயிடுச்சு" என்பார். இரண்டாவது சுற்றில் கார் நின்றுவிடும். "காத்துல ஈரம் ஜாஸ்தி" என்பார். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். நான் சாப்பாட்டுப் பை தூக்கிக்கொண்டு போகிறவள் என்பதால் எனக்கும் சிரிக்க உரிமை இல்லை.

போன மாதம் மைதானத்துக்காரர் இன்ஜின் கார்களுக்குத் தடை போட்டார். சுற்றுவட்டார வீடுகளிலிருந்து அத்தனை புகார். கிளப்பில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. "கரண்ட் வண்டியில உயிர் இல்லப்பா" என்று டாக்டர் கண்ணைத் துடைத்தார். எண்ணெய்ப் புகையாக இருந்திருக்கும்.

உண்மையான கவலை ஒருவருக்குத்தான். ரேஸ் சாமான் விற்கிற கடைக்காரர். அவர் கடையின் பின்னறையில் பன்னிரண்டு நைட்ரோ கார்கள் அட்டைப் பெட்டி பிரிக்காமல் கிடக்கின்றன. இனி யாரும் வாங்க மாட்டார்கள். எல்லாவற்றையும் மோட்டாருக்கு மாற்றித் தர ஓர் ஆள் வேண்டும். கடையிலேயே மேஜை, கருவிகள், நிரந்தர வேலை. அண்ணனிடம் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், பேட்டரி என்று ஒரு செட்டைக் கொடுத்து, "உன் வண்டிய மாத்தி ஓட்டிக் காட்டு, பார்ப்போம்" என்றார்.

அண்ணன் ஏசி விற்கிற கடையில் விற்பனையாளன். பேச்சில் கெட்டிக்காரன். பெட்டியைத் திறந்தான், விளக்கத் தாளின் முதல் பக்கத்தைப் படித்தான், எல்லாவற்றையும் பரணில் தூக்கிப் போட்டான். மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் நான் ஸ்டூல் போட்டு இறக்கினேன்.

பிஎஸ்சி இயற்பியல் முடித்து பதினான்கு மாதம் வீட்டில் இருக்கிறேன். நேர்முகத் தேர்வுகளில் எனக்கு வாய் வராது. கல்லூரி வாய்மொழித் தேர்வில் பெயர் கேட்டதற்குப் பதிவெண்ணைச் சொன்னவள் நான். ஆனால் ஸ்க்ரூ டிரைவரிடம் யாரும் பேசத் தேவையில்லை.

இன்ஜின், புகைக்குழாய், டேங்க் எல்லாவற்றையும் கழற்றினேன். மோட்டார் உட்காரும் தகட்டை அட்டையில் வெட்டிப் பார்த்து, ஜன்னல் கம்பி செய்யும் பட்டறையில் அலுமினியத்தில் வெட்டி வாங்கினேன். இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்கு ரெக்கார்டு நோட்டுத் தாளைக் கிழித்துச் செருகிப் பார்த்தேன். தாள் கிழியாமல் மடிப்பு மட்டும் விழுந்து வர வேண்டும். பேட்டரியை எங்கே வைப்பது என்று நான்கு சக்கரங்களையும் மாற்றி மாற்றி சமையலறைத் தராசில் வைத்து எடை போட்டேன். தராசைக் காணோம் என்று அம்மா இரண்டு நாள் தேடினாள்.

முதல் தடவை சுவிட்ச் போட்டபோது சக்கரங்கள் பின்பக்கமாகச் சுற்றின. மோட்டாருக்கு மூன்று ஒயர்; கன்ட்ரோலரிலும் அதே நிறங்களில் மூன்று. அதில் எந்த இரண்டை இடம் மாற்றினாலும் சுற்றும் திசை மாறிவிடும். விளக்கத் தாளில் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. நீலத்தையும் மஞ்சளையும் மாற்றிப் போட்டேன்.

அண்ணன் வந்து பார்த்தான். "ஏ, பரவாயில்லையே" என்றான். காரைத் தூக்கிக்கொண்டு போனான்.

"யார் பண்ணுனதுன்னு கேட்டா என்னண்ணா சொல்லுவே?"

"அதெல்லாம் யாரு கேக்கப் போறா?"

கேட்டார்கள். அதற்குத்தான் அந்த இரண்டு சாயங்காலம்.

சனிக்கிழமை சாப்பிடும்போது திட்டத்தைச் சொன்னான். "ஞாயித்துக்கிழமை வண்டி ஓடுச்சுன்னா வேலை எனக்கு. ஏசி கடைய விட மாட்டேன். பன்னெண்டு வண்டியையும் வீட்டுக்குக் கொண்டு வந்துடுறேன். நீதான் சும்மா இருக்கியே."

"கடையில ஆள் வேணும்னுதானே கேட்டாரு?" என்றேன்.

"உன்னைய அனுப்பவா? கடைக்கு வர்றவன் விலை கேட்டா அழுதுடுவே."

அம்மா குழம்பை ஊற்றினாள். "அண்ணனுக்கு ஒத்தாசையா இருந்தா குறைஞ்சா போயிடுவே? ஏன்டி மூஞ்சிய அப்படி வெச்சிருக்கே?"

என் மூஞ்சி அப்படித்தான். அந்த மேஜை எனக்கு வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தண்ணீர் கேட்டேன்.

ஞாயிறு காலை தொடக்கக் கோட்டில் கூட்டம். கரண்ட் கார் தோற்பதைப் பார்க்க வந்தவர்களே அதிகம். நான் தகரக் கொட்டகையின் கீழ் பையோடு நின்றேன். அண்ணன் காரைக் கோட்டில் வைத்தான். சுவிட்ச் போடுவதற்கு முன் ரிமோட்டில் இருக்கிற சிறிய ட்ரிம் குமிழை இரண்டு சொடுக்கு மேலே திருகினான்.

அது பதினோரு வருடப் பழக்கம். இன்ஜின் காரில் அப்படித்தான் ஐடிலிங் ஏற்றுவார்கள், நின்றுவிடாமல் இருக்க. மோட்டாருக்கு ஐடிலிங் கிடையாது. குமிழ் நடுவில் இல்லாவிட்டால், யாரோ ஏற்கெனவே வேகத்தை அழுத்திக்கொண்டிருப்பதாக நினைத்து கன்ட்ரோலர் மோட்டாரை ஓட விடாது. இன்ஜினே இல்லாத காரை அணையாமல் பார்த்துக்கொள்ள இந்தக் கிளப்பில் மட்டும்தான் ஆள் கிடைக்கும்.

கார் பீப் பீப் என்றது. நகரவில்லை.

எனக்குக் காரணம் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கத்தால் மட்டும் இல்லை. பார்க்க நன்றாக இருந்தது.

டாக்டர் மண்டியிட்டுக் காதை வைத்தார். மோட்டாருக்கு.

"நாடி விழுந்துடுச்சு" என்றார்.

"சார், மோட்டார் காலி" என்றான் அண்ணன். "மட்டமான சரக்கு. நான் போட்டது எல்லாம் கரெக்டு."

கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ பன்னெண்டையும் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். எனக்கு ஆளும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

மேஜை போய்க்கொண்டிருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன். எல்லாரும் காரைப் பார்த்ததால் என்னை யாரும் பார்க்கவில்லை. அண்ணன் காதோரம் சொன்னேன்.

"ட்ரிம்மை நடுவுல வெச்சு, சுவிட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுண்ணா."

செய்தான். கார் ஒரு தரம் கூவிவிட்டுப் பாய்ந்தது. எனக்கு முன்னால் நின்றவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா சார்?" அண்ணன் மைதானத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னான். "என் தங்கச்சிக்குக்கூட சொல்லிக் குடுத்து வெச்சிருக்கேன்!"

"குடும்பமே விஞ்ஞானிப்பா" என்றார் டாக்டர். எல்லாரும் சிரித்தார்கள். இந்தக் கூட்டத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

பத்துச் சுற்று. ஒரு தடவைகூட நிற்கவில்லை. கடைக்காரர் காரைத் தூக்கி மேல்மூடியைக் கழற்றினார். தகட்டைத் தடவிப் பார்த்தார். பல்சக்கரத்தைக் கட்டை விரலால் உருட்டிக் கேட்டார். சின்னச் சின்ன வேலையையும் விடாமல் பார்க்கிற மனிதர்.

"நல்ல வேலை. திங்கக்கிழமையே பன்னெண்டையும் எடுத்துக்கோ" என்றார் அண்ணனிடம். பிறகு விரலை ஓரிடத்தில் வைத்தார். "ஆமா, நீலத்துக்கு மஞ்சளும் மஞ்சளுக்கு நீலமும் போட்டிருக்கியே. ஏன்?"

அண்ணன் ஒயரைப் பார்த்தான். அதை அவன் முதல் தடவையாகப் பார்க்கிறான்.

"அது வந்து சார், கிராஸா போட்டா இழுவை கூடும். அனுபவத்துல வர்றது."

"ஆமாமா" என்றார் டாக்டர். "நானே சொல்லணும்னு இருந்தேன்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. "அப்போ நேரா போட்டா?"

"கொஞ்சம் மந்தமா ஓடும் சார்."

"பின்னாடி ஓடும்."

யார் குரல் என்று நானே திரும்பிப் பார்க்கவிருந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை கண்களை ஒரே நேரத்தில் நான் சந்தித்ததில்லை. பதிவெண் நாக்கு நுனிக்கு வந்தது.

"ஏம்மா, உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கடைக்காரர்.

அண்ணன் என் முழங்கையைப் பிடித்தான். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார், சும்மா சொல்றா. ஏய், வீட்டுல போய்ப் பேசிக்கலாம் வா."

வீட்டில் அம்மா குழம்பு ஊற்றுவாள். நான் தண்ணீர் கேட்பேன். பன்னிரண்டு அட்டைப் பெட்டிகளும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கும்.

கையை உருவிக்கொண்டேன்.

"மொதல் தடவை பின்னாடிதான் சார் ஓடுச்சு. எங்க வீட்டு சமையல் மேடையில. அதான் மாத்திப் போட்டேன்" என்றேன். கடைக்காரர் காத்திருந்தார். "இந்த வண்டிய மாத்துனது நான்."