கத்தியாண்ட கீறான்

1

இதை எனக்குச் சொன்னவர் வார்டர் மஜீது. ராயபுரத்து டீக்கடையில் சொன்னாரா, ஆஸ்பத்திரிச் சுவரோரம் நடந்தபோதா, இப்போது நிச்சயமில்லை. நடுநடுவே சிலதைச் சொல்லாமல் தாண்டிப்போனார். அந்த இடங்களில் சிலவற்றை நானே நிரப்பிவிட்டேன். எவற்றை என்று மறந்துபோயிற்று.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'திருவொற்றியூர் போகிற வழியில், வழக்கில் சிக்கிய மனநோயாளிகளை வைத்திருந்த ஆஸ்பத்திரியில், 1953இல் ஒரு பேய்...'

வேண்டாம். பேய்க்கு முன்னால் ஒரு சொல் இருக்கிறது.

2

லட்சுமணன் அந்த வார்டுக்கு வந்து ஐந்து வருடம். ஒரு வெட்டு வழக்கில் பிடிபட்டு, கோர்ட்டில் வாயே திறக்காததால், புத்தி தெளியும்வரை வைத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இங்கும் பேசுவதில்லை. மாலையில் பெயர் கூப்பிடும்போது மட்டும் "கீறேன்" என்பான். (இருக்கிறேன் என்பதை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.) மஜீதுக்கு வீட்டில் யாருமில்லை. நாளெல்லாம் அவர் காத்திருந்தது அந்த ஒரு பதிலுக்குத்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் அக்கா கன்னியம்மா காசிமேட்டிலிருந்து மீன்கூடையோடு வருவாள். ஒரு வெள்ளிக்கிழமை மஜீதிடம் கேட்டாள்:

"எந்தம்பியப் பத்தி இன்னா எழுதி வச்சிகிறாங்க பாய்? படிச்சுக் காட்டேன்."

மஜீது படித்தார். "'என் தம்பி மேஸ்திரியைக் கத்தியால் கீறினான். இப்படிக்கு, கன்னியம்மா.' உன் கைநாட்டு கீதும்மா."

கன்னியம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"அவன் வேலை செஞ்ச எடத்துல மேஸ்திரி வெட்டுப்பட்டு கெடந்தாரு. போலீசு வந்து 'எங்கேம்மா உன் தம்பி'ன்னாங்க. 'கத்தியாண்ட கீறான் சார்'ன்னேன். கத்தி பக்கத்துல குந்திகினு கீறான்னு. எழுதுனவரு எந்த ஊரு?"

"போலீசு ரைட்டரு வெள்ளத்துரை. திருநெல்வேலிக்காரரு. அந்த மாசந்தான் மெட்ராசுக்கே வந்தாரு."

"அப்ப சரி. நாம பேசறது தமிழே இல்லன்னு நெனச்சிருப்பாரு."

3

இங்கே பேனா நிற்கிறது. லட்சுமணன் வெட்டவே இல்லை என்று எழுதினால் கதை சுலபமாகிவிடும். ஆனால் அவன் கத்திக்குப் பக்கத்தில் இருந்தான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். கன்னியம்மாவுக்கும் அவ்வளவுதான் தெரியும். அவள் கண்ணால் பார்த்திராத ஒன்றைத் தம்பிக்கு எதிராக அவளே சொன்னதாகத் தாளில் இருந்தது.

வாக்குமூலத்தைத் திருத்தி, தம்பியைத் தன் பொறுப்பில் விடும்படி மனு போட்டாள். வெள்ளத்துரை, "காதில் விழுந்ததைத்தான் எழுதினேன்" என்றார். அது பொய்யில்லை. மறு விசாரணை தை மாதம் என்றார்கள்.

மார்கழியில் காய்ச்சல் கண்டு லட்சுமணன்...

4

மறுநாள் மாலை, மஜீது பழக்கத்தில் அந்தப் பெயரையும் கூப்பிட்டுவிட்டார்.

"கீறேன்."

சொன்னது யார்? ஒரு பிரதியில் பக்கத்துக் கட்டில்காரர். இன்னொன்றில் மஜீதே, வாய்க்குள். மூன்றாவதில் நீங்கள் நினைப்பதுதான். மூன்றையும் அடித்துவிட்டேன். உங்களுக்கு எது வேண்டுமோ வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் 'கீறுவேன் என்கிற பேய்' என்று பயந்து மாற்றல் கேட்டார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியிருந்த டோல்கேட்டுக்காரர்கள் யாரும் பயப்படவில்லை.

வெள்ளத்துரை திருநெல்வேலிக்கே போய்ச் சேர்ந்தார். மஜீது 1958இல் ஓய்வு பெறும்வரை அந்தப் பெயரை விடாமல் கூப்பிட்டார். லட்சுமணன் இறந்துபோனான், வாக்குமூலம் திருத்தப்படவில்லை. கன்னியம்மா மீன் விற்றாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆஸ்பத்திரிச் சுவரோரம் கூடையை இறக்கிவைத்து, பெயர் கூப்பிட்டு முடியும்வரை நின்றுவிட்டுப் போவாள்.