வெட்டுத்துண்டு

கண்ணகை தையல் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்தாள், எழும்பினாள், வாசல்வரை போய் எட்டிப் பார்த்தாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள். வாசலில் பார்க்க என்ன இருக்கிறது? வாவியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நாளை விடிந்தால், பெரியபிள்ளையான மகள் நிருஷாவுக்குச் சாமத்தியச் சடங்கு. தலைக்குத் தண்ணி வார்த்ததும் பிள்ளை உடுத்த வேண்டிய பாவாடையும் சட்டையும் வெட்டியபடியே மேசையில் கிடந்தன.

முதல் குடம் வார்ப்பதும் அந்த உடுப்புக்குத் துணி எடுப்பதும் தாய்மாமன் வீட்டு உரிமை. மாமன் வீடு என்றால் கண்ணகையின் அண்ணன் வீடு. அதாவது அண்ணன் பெண்சாதி சுலோஜனா. இரண்டு பெண்களுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை. கண்ணகை தைத்துக் கொடுத்த சாறிச் சட்டை கையில் இறுக்கிவிட்டது என்று ஒரு கலியாண வீட்டில், அவ்வளவு சனத்துக்கும் கேட்க, "சாக்குத் தைக்கிற கையால சட்டை தைச்சா இப்படித்தான்" என்று சுலோஜனா சொல்லிவிட்டாள். கண்ணகை வழக்கமாகத் தைப்பது புத்தகப் பையும் ஆட்டோ சீட் உறையும்தான். அதனால்தான் அந்தச் சொல் இன்னும் சுட்டது.

அப்படிச் சொன்னவள் இப்போது வழவழவென்ற சாட்டின் துணியை ஆளிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். சமாதானமா, சோதனையா, யார் கண்டது? கண்ணகையும் லேசுப்பட்டவள் இல்லை. வெட்டி முடித்ததும் விழுந்த துண்டு துணுக்கெல்லாம் பொறுக்கி, ஒரு பையில் கட்டி, சுலோஜனா வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். தையற்காரி துணி அடித்தாள் என்று நாளைக்கு ஒரு கதை வரக்கூடாது பாருங்கள்.

அந்த ரோசம்தான் இப்போது காலைச் சுற்றியது. தடித்த ஊசியைக் கழற்றி மெல்லியதைப் போட்டாள், நூலை மாற்றினாள், நூலின் இழுவையைத் தளர்த்தினாள். பாவாடையின் உள்மூலையில் விரல் நீளத்துக்கு ஓட்டிப் பார்த்தாள். துணி சுருங்கிக்கொண்டு போனது. தையலைப் பிரித்தால் ஊசித் துளை அப்படியே நின்றது. இன்னொரு தடவை தப்பினால் உடுப்பு போச்சு. 'வேணுமெண்டே பழுதாக்கிப்போட்டாள்' என்பாள் சுலோஜனா. அவள் கோபித்துக்கொண்டு வராமல் விட்டால் பிள்ளைக்கு யார் தண்ணி வார்ப்பது?

தைத்துப் பார்க்க அதே துணியில் ஒரு துண்டு வேண்டும். துண்டெல்லாம் அந்த வீட்டில். செருப்பைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

சுலோஜனா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், அந்த வெட்டுத்துண்டுல ஒண்டு தாங்க. மெசினைச் சரிபாக்கணும்."

ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு அது. சுலோஜனா நிமிரவில்லை.

"அதைக் கொளுத்திப்போட்டன். ஒரு துண்டுத் துணிக்கு உங்களைக் களவு பிடிப்பன் எண்டா நினைச்சிங்க?"

கண்ணகைக்கு வெட்கமாக இருந்தது. போகத் திரும்பினாள்.

"நில்லுங்க கா."

சுலோஜனா உள்ளே போய், மடித்த துணி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதே சாட்டின், அதே நிறம். "மருமகளோட ஒரே நிறத்தில நிப்பம் எண்டு எனக்கும் சட்டைக்கு எடுத்தன். மறுகா உங்களிட்டத் தர முகம் வரல்ல. இந்த மூலையில தைச்சுப் பாருங்க."

இரண்டு பேரும் மெசினடிக்கு வந்தார்கள். முதல் ஓட்டிலும் துணி சுருங்கியது. ஊசியைப் பார்த்தாள், கீழ்நூல் சுற்றிய பொபினைப் பார்த்தாள், எல்லாம் சரி. பின்னால் நின்ற சுலோஜனாவின் மூச்சுச் சத்தம் வேறு. அப்போதுதான் பிடிபட்டது. பைத் துணி நழுவாமல் இருக்க, துணியை அமுக்கும் பாதத்தின் மேல்திருகை இறுக்கி வைத்தவள், அதைத் தளர்த்தவே மறந்திருந்தாள். திருகைத் தளர்த்தி ஓட்டினாள். தையல் சுருக்கமில்லாமல் படிந்தது.

"அப்பாடா," என்றாள் சுலோஜனா. "இனி பிள்ளையின்ர உடுப்பைத் தையுங்க."

"அது முடியும். முதல்ல கையை நீட்டுங்க, மச்சாள்."

கண்ணகை அளவு நாடாவைச் சுலோஜனாவின் புயத்தில் சுற்றினாள். உள்ளே இரண்டு விரல் நுழைய இடம் விட்டாள்.