வெள்ளிக்கிழமைக்குள் ஓர் அறை

தொலைபேசியில் மகள் ஃபோடினி சொன்னது இவ்வளவுதான். "அறை இருந்தா ரெண்டு வாரம் தங்குறோம்ப்பா. இல்லன்னா மோட்டல்ல ஒரு ராத்திரி படுத்துட்டு வடக்க கிளம்பிடுவோம். போன தடவை மாதிரி அடுப்படியில படுக்க என்னால ஆகாது."

"அறை இருக்கு" என்றார் பாண்டெலிஸ்.

பேசி முடித்துத் திரும்பியபோது அவர் மனைவி ஸ்டமாட்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எங்க இருக்கு?"

பாண்டெலிஸ் கிழக்குச் சுவரைப் பார்த்தார். "அதுக்குள்ள."

ஓப்பல் என்ற வண்ணக்கல் தோண்டும் ஊரான கூபர் பீடியில் இது பொய்யில் சேராது. குன்றுக்குள் குடைந்த வீட்டில் எல்லா அறைகளும் ஏற்கெனவே இருக்கின்றன. கல்லை வெளியே எடுப்பதுதான் பாக்கி. மகளும் மருமகனும் வெள்ளிக்கிழமை மாலை வருகிறார்கள். ஃபோடினி பேசிய அன்று சனிக்கிழமை.

"ஒரு சத்தியம் பண்ணு" என்றாள் ஸ்டமாட்டா. "நாலு சுவர், ஒரு கூரை. சுவத்துல என்ன தெரிஞ்சாலும் பாக்க மாட்டேன்னு சொல்லு."

"கண்ண மூடிக்கிட்டா தோண்டுவாங்க?"

"உன்னை மாதிரி ஆளு அப்படித்தான் தோண்டணும்."

அவள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. சிறுவயதில் ஃபோடினியின் அறை மூன்று முறை இடம் மாறியிருக்கிறது. மூன்று முறையும் அப்பா சுவரில் எதையோ பார்த்துவிட்டார். கடைசி முறை அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கட்டில் கூடத்தில் கிடந்தது. கட்டில் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். பள்ளத்தில் அப்பாவின் தலை மட்டும் தெரிந்தது. அதில் கிடைத்த ஓப்பலை விற்று ஒரு ஜோடி செருப்பு வாங்கியிருக்க முடியாது. ஃபோடினி அழவில்லை. பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டாள். பதினேழு வயதில் அடிலெய்டுக்குப் படிக்கப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். கடைசியாக வந்தது ஆறு வருடத்துக்கு முன்பு, தனியாக. பாண்டெலிஸ் இயல்பிலேயே அதிகம் பேசாதவர். அந்த நாளை நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் குறைவாகப் பேசுவார்.

தெரிந்தவர் ஒருவரின் சுரங்க இயந்திரத்தை இரவல் வாங்கி ஞாயிறும் திங்களும் அறையின் வயிற்றைக் குடைந்தார். செவ்வாய்க்கிழமை மூலைகளை பிரேக்கர் என்ற கல்லுடைப்பான் வைத்துச் சீராக்கினார். மணற்கல் சொன்னபடி கேட்டது. இளஞ்சிவப்பும் வெள்ளையுமாய்ச் சுவர்கள் எழுந்து நின்றபோது அவருக்கே ஒரு பெருமிதம். புதன்கிழமை மதியம், அலமாரி வைக்கச் சுவரில் ஒரு மாடம் எடுத்துக்கொண்டிருந்தவரின் தலைவிளக்கு ஓர் இடத்தில் தயங்கியது.

நூல் கனத்தில் ஒரு கோடு. பெரும்பகுதி நிறமில்லாத பால் வெள்ளை. நடுவில் ஓர் அரிசி நீளத்துக்குப் பச்சை. தலையை அசைத்ததும் பச்சை ஓடிப் போய் அந்த இடத்தில் ஒரு சிவப்பு வந்து உட்கார்ந்தது.

பாண்டெலிஸ் விளக்கை அணைத்தார். இருட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மீண்டும் ஏற்றினார்.

அலமாரிக்கு ஒன்றரை அடி ஆழம் போதும். ஃபோடினி நிறைய உடுப்பு கொண்டுவருவாள் என்று நினைத்து மூன்றடி எடுத்தார். மருமகனுக்கும் உடுப்பு இருக்குமே என்று ஐந்தடி எடுத்தார். மாலையில் எட்டிப் பார்த்த ஸ்டமாட்டா, "இது அலமாரியா, குகைக்கோயிலா?" என்றாள்.  அவள் வாசலிலேயே சற்று நின்றுவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு பிரேக்கரின் உளி திடீரென்று எதிர்ப்பில்லாமல் முழங்கை ஆழம் உள்ளே போயிற்று. மறுபக்கம் ஏதோ கண்ணாடி நொறுங்கியது. துளை வழியே புளிக்காடி வாசனை வந்தது.

பாண்டெலிஸ் உளியை இழுத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். துளையின் அந்தப் பக்கத்தில் ஒரு கண் இருந்தது.

"கிரேக்கா" என்றது அந்தப் பக்கம். "என் மிளகாய் ஜாடிய உடைச்சிட்டியே."

அது ஸ்வோன்கோவின் குரல். ஒன்பது வருடமாக அவர் கேட்காத குரல். குரோவேஷியாக்காரர் ஸ்வோன்கோவும் கிரேக்கரான அவரும் இருபது வருடம் ஒரே சுரங்கத்தில் பங்காளிகள். அந்த நட்பில்தான் ஒரே குன்றில் அடுத்தடுத்து வீடு குடைந்தார்கள். பிரிந்த பிறகு வீட்டை எங்கே நகர்த்துவது? கடைவீதியில் எதிர்ப்பட்டால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார். இன்னொருவர் செருப்பைப் பார்ப்பார்.

"உன் சரக்கறை இங்க எப்படி வந்துச்சு?" என்றார் பாண்டெலிஸ். "நடுவுல பதிமூணு அடி சுவர் விட்டோமே."

"உன் அறை இங்க எப்படி வந்துச்சோ அப்படித்தான்."

"நான் அலமாரிக்கு இடம் எடுத்தேன்."

"நான் ஜாடி வைக்க இடம் எடுத்தேன்."

"எத்தனை ஜாடி?"

"நாப்பது."

"நாப்பது ஜாடிக்கு இவ்வளவு தூரம் குடையணுமா?"

"நீ அலமாரியில என்னத்த தொங்கவிடப் போற, ஒட்டகத்தையா?"

 துளை வழியே இரண்டு விளக்குகளின் ஒளி ஒன்றையொன்று தொட்டது. ஸ்வோன்கோ தன் ஜாடித் தட்டை மெதுவாக நகர்த்தினார். அவர் பக்கத்துச் சுவரிலும் அதே கோடு, அதே உயரத்தில். அவரும் ஏழெட்டு மாதமாக ஜாடி ஜாடியாக இடம் எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"இது யாருக்கும் தெரிய வேணாம்" என்றார் ஸ்வோன்கோ.

"தெரிஞ்சா, ஊருக்குள்ள சுரங்கம் தோண்டக் கூடாதுன்னு ரெண்டு பேரு வீட்டையும் அளக்க வந்துடுவாங்க."

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவர்கள் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது.

அவர்கள் பிரிந்தது பணத்தால் அல்ல. ஓப்பல் எப்படி உண்டானது என்பதால். இந்த ஊரில் அதைப் பற்றி மேசைக்கு ஒரு கட்சி உண்டு. ஒரு காலத்தில் கடல் கிடந்த நிலம். கல்லின் சத்து தண்ணீரில் கரைந்து, வெடிப்புகளில் தேங்கி, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகப் படிந்தது. உருண்டைகள் வரிசை தப்பாமல் அடுக்கிக்கொண்ட இடத்தில் வண்ணம். தாறுமாறாகக் கிடந்த இடத்தில் வெறும் பால் வெள்ளை. இதுவரை எல்லோருக்கும் சம்மதம். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதில்தான் மண்டை உடையும். மழைநீர் மேலேயிருந்து ஊறி இறங்கியது என்பது ஸ்வோன்கோவின் கட்சி. பூமிக்கடியிலிருந்து வெடிப்பு வழியே ஏறியது என்பது பாண்டெலிஸின் கட்சி. கடைசிச் சுரங்கத்தில் ஒருவர் பக்கவாட்டில் போகவேண்டும் என்றார், மற்றவர் கீழே போகவேண்டும் என்றார். கொஞ்ச நாள் ஒருவர் தோண்டிய மண்ணை மற்றவர் குழியில் கொட்டிப் பார்த்தார்கள். பிறகு பேச்சு நின்றுவிட்டது.

ஸ்வோன்கோ துளையைப் பெரிதாக்கிக்கொண்டு, தோளைக் குறுக்கி இந்தப் பக்கம் வந்தார். வயிறு மட்டும் ஒரு கணம் சிக்கியது. அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"யாருக்கு?"

"ஃபோடினி வர்றா. நாளைக்கு."

"நல்லா வந்திருக்கு" என்றார் ஸ்வோன்கோ. பிறகு குனிந்து கோட்டின் மீது விரலை ஓட்டினார். கோடு சுவரோடு கொஞ்ச தூரம் வந்து, சட்டென்று வளைந்து, தரையில் ஓடி, அறையின் நட்ட நடுவில் உள்ளே இறங்கியது.

"பாத்தியா, கீழ போகுது" என்றார் பாண்டெலிஸ்.

"மேலேர்ந்து வந்தது கீழதான் போகும். பின்ன ஆகாசத்துக்கா போகும்?"

"கீழேர்ந்து ஏறியிருக்குடா."

"சரி. கீழ போகப் போக மெலிஞ்சா நான் சொன்னது. தடிச்சா நீ சொன்னது. தோண்டினா தெரிஞ்சுடும். மூணடி போதும்."

 பாண்டெலிஸின் மனதுக்குள் இரண்டு கணக்குகள் ஓடின. நாளை மாலைக்குள் தரையைத் தட்டிச் சமப்படுத்த வேண்டும், கட்டில் போட வேண்டும். மூன்றடி தோண்ட அரை நாள், மூட அரை நாள். நேரம் இருக்கிறது என்று ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய வாழ்நாளில் அது ஒரு முறைகூட மூடுவதற்கான நேரத்தைச் சரியாகச் சொன்னதில்லை.

ஆனாலும் பிரேக்கரை எடுத்தார். விலைக்காக அல்ல. அந்தக் கோடு ஒரு சட்டைப் பொத்தானுக்குத் தேறினால் அதிகம். தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மதியம் ஸ்டமாட்டா துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கிக்கொண்டு வந்தாள். தரையில் பள்ளம். பள்ளத்தின் இருபுறமும் இரண்டு கிழவர்கள் மண்டியிட்டிருந்தார்கள். ஒன்பது வருடம் பேசாதவர்கள் சேர்ந்திருப்பதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. விரிப்புகளை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அவள் கத்தியிருக்கலாம் என்று பாண்டெலிஸுக்குத் தோன்றியது.

கீழே கல் இறுகிக்கொண்டே போனது. கோடு ஒரு கை அளவுக்கு மெலிந்தது. ஸ்வோன்கோ மீசையைத் தடவினார். அடுத்த கை அளவுக்குத் தடித்தது, பாண்டெலிஸ் இருமிக்கொண்டார். மூன்றடியிலும் தீர்ப்பு வரவில்லை. நாலடியில் தெரிந்துவிடும் என்றார் ஸ்வோன்கோ. வெள்ளிக்கிழமை காலையும் தோண்டினார்கள்.

மாலை வரவேண்டியவர்கள் பதினொரு மணிக்கே வந்துவிட்டார்கள். பிரேக்கர் சத்தத்தில் வண்டி வந்தது காதில் விழவில்லை. பள்ளத்துக்குள் மண்டியிட்டிருந்த பாண்டெலிஸ் நிமிர்ந்து பார்த்தபோது அறை வாசலில் ஃபோடினி நின்றிருந்தாள். அவருடைய தலை மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"இதுதானா எங்க அறை?" என்றாள் அவள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. பழக்கப்பட்டவள் போலக் கேட்டாள்.

அவளுக்குப் பின்னாலிருந்து மருமகன் டெர்மட் எட்டிப் பார்த்தான். அடிலெய்டில் குடிநீர்க் குழாய் போடும் வேலை அவனுக்கு. இந்த ஊரை முதல்முறையாகப் பார்க்கிறான். பள்ளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, கோட்டைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"மாமா, இதுவா ஓப்பல்? கல்லுக்குள்ள எப்படி வந்துச்சு இது? தண்ணி காய்ச்சுற கெண்டியில வெள்ளையா உப்பு படியுமே, அந்த மாதிரியா?"

ஸ்வோன்கோவின் மூச்சு பெருத்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் ஒன்பது வருடம் தயாராக இருந்தார். பாண்டெலிஸும்தான். ஆனால் பாண்டெலிஸ் மகளைப் பார்த்தார். அவள் பள்ளத்தைப் பார்க்கவில்லை. கட்டில் வைத்திருக்க வேண்டிய சுவரோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

 

"தெரியல மாப்ள" என்றார் பாண்டெலிஸ்.

பள்ளத்திலிருந்து ஏறி வந்தார். மண்வெட்டியை எடுத்தார். குவித்து வைத்திருந்த கல்லையும் மண்ணையும் உள்ளே தள்ள ஆரம்பித்தார்.

"டேய், என்ன பண்ற?" என்றார் ஸ்வோன்கோ. "இன்னும் அரை அடிடா."

"தெரியும்."

"இப்ப மூடினா இனிமே தெரியாது. தெரியாமயே செத்துப் போவோம் ரெண்டு பேரும்."

"போவோம்."

"எனக்காக மூட வேணாம்ப்பா" என்றாள் ஃபோடினி. "தோண்டி முடிங்க. நாங்க பாத்துக்கறோம்."

அவர் நிறுத்தவில்லை. "கட்டில் போடணும்ல" என்றார். நான்காவது அள்ளலில் கோடு மறைந்தது. கடைசியாகப் பார்த்தபோது அது தடித்திருந்ததா மெலிந்திருந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை.  ஆனாலும் கை ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்வோன்கோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், தன் மொழியில். பிறகு துளை வழியே வயிற்றைத் திணித்துக்கொண்டு தன் சரக்கறைக்குப் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் பாண்டெலிஸ் நினைத்தார். சற்று நேரத்தில் துளையிலிருந்து ஒரு வாளி நீண்டது.

"இந்தா, என் பக்கத்து மண்ணு. நீ தோண்டினதுல பாதிய வெளிய கொட்டிட்ட, உனக்குப் பத்தாது. எப்பவுமே உனக்குக் கணக்கு வராது."

டெர்மட் அந்த வாளியை வாங்கினான். குழாய்ப் பள்ளம் மூடியே கை காய்த்தவன். "மாமா, மொத்தமா கொட்டாதீங்க. அரை அடி போட்டு, தண்ணி தெளிச்சு, மிதிக்கணும். இல்லன்னா நடுராத்திரி கட்டிலோட நாங்க உள்ள இறங்கிடுவோம்."

"இறங்கினா எது மேல, எது கீழன்னு பாத்துச் சொல்லு" என்றது துளை.

தண்ணீர் கொண்டுவந்தவள் ஸ்டமாட்டா. மிதிக்க ஆள் வேண்டியிருந்தது. டெர்மட் பூட்ஸோடு இறங்கினான், எடை போதவில்லை. ஃபோடினி கொஞ்ச நேரம் வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். பள்ளத்தில் இறங்கி, கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு தொம் தொம் என்று மிதித்தாள். அவள் மிதித்த மிதியில் ஆறு வருடமும் இருந்தது, அதற்கு முந்தியதும் இருந்தது. பாண்டெலிஸ் மண்ணைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

மூன்று மணிக்குத் தரை சமமாயிற்று. நான்கு மணிக்குக் கட்டில் வந்தது. சுவர்த் துளையில் ஸ்வோன்கோ தன் பக்கமிருந்து ஒரு பலகையை வைத்து அடைத்தார். அதற்கு மேல் அவர் இருமுவது மட்டும் கேட்டது. ஸ்டமாட்டா விரிப்பின் சுருக்கங்களைத் தட்டிவிட்டு, கணவனை ஏற இறங்கப் பார்த்து, "போய்க் குளி. சுவரும் நீயும் ஒரே நிறத்துல இருக்கீங்க" என்றாள்.

எல்லோரும் போன பிறகு பாண்டெலிஸ் புது அறையில் தனியாக நின்றார். ஃபோடினியைக் காணவில்லை. குன்றுக்குள் கைப்பேசி எடுக்காது; பேச வேண்டுமென்றால் மேலே ஏறித்தான் போக வேண்டும். அவர் கூரையில் இறக்கியிருந்த காற்றுக்குழாய் வழியே வெளியிலிருந்து மகளின் குரல் தெளிவாக இறங்கி வந்தது. குழாயைவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்று நினைத்தார். நகரவில்லை.

"ஆமா, ஃபோடினிங்கற பேருலதான். திங்கக்கிழமையே ரூம் போட்டு வெச்சேன், ரெண்டு பேருக்கு, இன்னிக்கு ராத்திரிக்கு" என்றாள் அவள். "அது வேணாம், எடுத்துடுங்க." மறுமுனையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.  குழாயில் காற்று மட்டும் கேட்டது.

"இல்லைங்க, நாளைக்கும் வேணாம்."