பெயர் கூப்பிட்டதும்

1
இந்தக் கதை ஓர் அறிவிப்பிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நான் நிருபராக இருந்த ஊரில், பட்டமளிப்புக்கு முன் பள்ளிக் கதவில் ஒட்டியிருந்தார்கள்: ‘பெயர் வாசிக்கும்போது குடும்பத்தார் கூச்சலிட்டால் அந்த மாணவரின் சான்றிதழ் நிறுத்திவைக்கப்படும்.’

கறுப்புக் குடும்பங்களில் பிள்ளையின் பெயர் கூப்பிட்டதும் கூரை அதிரக் கத்துவார்கள். (போன வருடம் வெள்ளைக் குடும்பங்கள் மாட்டுமணி ஆட்டின. மணியைப் பற்றி அறிவிப்பில் ஒன்றுமில்லை.)

2
‘வெர்னெல் கெய்தர் கண்ணீரோடு...’ இல்லை. வரலாறு நடத்தும் அந்தக் கறுப்பு ஆசிரியை அழுகிற ஆள் இல்லை. மாணவி ஜக்வெட்டாவிலிருந்து தொடங்குகிறேன்.

“மிஸ், எங்க டாரெல் மாமாவ எப்படி அடக்குறது? அவர் தும்மினாலே அடுத்த தெரு நாய் குரைக்கும். சான்றிதழ் இல்லேன்னா நர்சிங் காலேஜ்ல சேர்க்க மாட்டாங்க.”

“அவரு என்ன சொல்றாரு?”

“வாயில துணி அடைச்சுக்கிட்டு வர்றாராம். சொல்லிட்டு அழுதுட்டாரு, மிஸ்.”

(இந்த இடத்தில் கெய்தருக்கு நீண்ட உரை ஒன்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவரே கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.)

கெய்தர் அறிவிப்பை மறுபடி படித்தார். ஒரு சட்டம் யாரைச் சொல்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்று பார்க்கத்தான் வகுப்பில் அவர் பழக்குவார்.

“‘குடும்பத்தார்’னுதானே போட்டிருக்கு? நீ நிமிந்து நடந்து வா. மத்தத நான் பாத்துக்குறேன்.”

3
ஒரு முடிவு: மாமா கத்துகிறார், சான்றிதழ் போகிறது. நடக்கக்கூடியதுதான், ஆனால் அறிவிப்பை ஒட்டியவர்களுக்கு அந்த வெற்றியைக் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று: தலைமையாசிரியர் மனம் திருந்தி... அந்த மாதிரி ஆட்களை நான் பேட்டி எடுத்திருக்கிறேன். வேண்டாம்.

4
பெயர் வாசிப்பவர் கெய்தர். பின்வரிசை முழுக்கப் போன வருடம் தேறியவர்கள், அவர் போன் போட்டு வரவழைத்தவர்கள். அவர்களுடைய சான்றிதழ்கள் வீட்டுச் சுவரில் பத்திரமாகத் தொங்குகின்றன. பறிப்பதென்றால் கெய்தரின் வேலையைத்தான் பறிக்க வேண்டும். தெரிந்துதான் ஒலிவாங்கி முன் நிற்கிறார்.

“ஜக்வெட்டா ரெனே சிம்ஸ்!”

மாமா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறார். ஜக்வெட்டா மேடையேறுகிறாள். கெய்தர் அடுத்த பெயரை வாசிக்கவில்லை, காத்திருக்கிறார். தலைமையாசிரியர் முறைக்கிறார். பின்வரிசை எழுந்து நிற்கிறது.

அங்கே உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். நீங்கள் அவளுக்கு உறவில்லை. உங்களிடம் பறிக்க அவர்களுக்கு ஒன்றுமில்லை. அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை.

எழுந்திருங்கள். மூச்சை நன்றாக இழுத்துக்கொள்ளுங்கள்.